டில்லி ஹகீம் அஜ்மல் கான்

எங்கள் மூத்தவாப்பா ஒரு பரிசாரி. நான் பிறப்பதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அவர் மருந்து வைத்திருந்த அலுமாரி மட்டும் மஹய்யாவயில் எங்கள் வீட்டு முன் அறையில் இன்னும் நிற்கிறது. வரிசை வரிசையாகச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் மேலும் அரபுத்தமிழில் எழுதி ஒட்டிய ஒரு துண்டு. இப்போது அவற்றில் உம்மாவின் ஊசி நூலும், கரண்ட் பில்லும், தம்பியின் உடைந்த கல்குலேட்டரும் கிடக்கின்றன. ஆனாலும் மழை நாட்களில் சில இழுப்பறைகளைத் திறந்தால் அதிமதுரமும் கராம்பும் கலந்த வாசம் வரத்தான் செய்கிறது.

அந்த அலுமாரிக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு வாரிசு இருக்கிறார். பெரியவாப்பாவின் மகள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நன்றாகச் சித்தியடைந்தும் மருத்துவ பீடத்துக்கு இஸட் புள்ளி கொஞ்சம் போதாமல், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானி மருத்துவம் படிக்கிறார். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் தூரத்து உறவு மாமி ஒருவர், உங்களில் யார் டொக்டருக்குப் படிக்கிற பிள்ளை என்று கேட்டார். ராத்தா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, டொக்டருக்கு இல்லை மாமி, யூனானிதான் என்றேன். பொய் சொல்லவில்லை, விளக்கம்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். ராத்தா சிரித்துக்கொண்டே சஹனைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிரவு வேனில் வரும்போதுதான், நான் சொன்ன அந்தத் 'தான்' எவ்வளவு பாரமான சொல் என்று எனக்கு விளங்கியது.

ஒரு வாரம் கழித்து ராத்தா தன் தம்பியின் கையில் ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். கடிதமோ குறிப்போ எதுவும் இல்லை. அது ஹகீம் அஜ்மல் கானின் வாழ்க்கை பற்றியது. அதை வாசித்த பிறகு மேலும் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். என்னைப் போல உயிரியல் படிக்கிற தோழிகளுக்கும், பிள்ளைகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பப்போகிற உம்மா வாப்பாமாருக்கும் இது பயன்படலாம்.

அஜ்மல் கான் 1868ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி டில்லியில் பிறந்தார். பழைய டில்லியில் பல்லிமாரான் என்ற தெருவில் ஷரீப் மன்ஸில் என்ற பெரிய வீடு அவர்களுடையது. முகலாய மன்னர் ஷா ஆலமின் வைத்தியராக இருந்த ஹகீம் ஷரீப் கான் அவருடைய முன்னோர். உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப் குடியிருந்ததும் அந்தச் சுற்றாடலில்தான். 1857இல் ஆங்கிலேயர் டில்லியைத் திரும்பப் பிடித்தபோது நகரமே சூறையாடப்பட்டது. ஆனால் அந்த ஒழுங்கை மட்டும் தப்பியது. இந்தக் குடும்பத்து ஹகீம்களிடம் வைத்தியம் பார்த்த பட்டியாலா மகாராஜா ஆங்கிலேயருக்கு நண்பர். அவர் தம் வீரர்களை அங்கே காவலுக்கு நிறுத்தினார். கை நாடி பார்த்த நன்றிக்கு ஒரு தெருவே உயிர் பிழைத்திருக்கிறது. என் சரித்திர ஆசிரியை 1857 பற்றி எவ்வளவோ சொல்லித் தந்தார். இது மட்டும் எனக்குப் புதிது.

சிறு வயதில் குர்ஆனை மனனமிட்டு ஹாபிழ் ஆனார். அரபும் பாரசீகமும் படித்தார். வைத்தியத்தைக் குடும்பத்துப் பெரியவர்களிடமே கற்றார். 1892இல் ராம்பூர் நவாபின் தலைமை வைத்தியராகப் போனார். அங்கே அரபு, பாரசீகச் சுவடிகள் நிறைந்த பெரிய நூலகம் ஒன்று இருந்தது. அந்தப் பத்து வருடங்களை அரண்மனையில் கழித்தாரா நூலகத்தில் கழித்தாரா என்று கேட்டால், நூலகத்தில்தான் என்று நான் சொல்வேன்.

இங்கே யூனானி என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். யூனான் என்பது அரபு மொழியில் கிரேக்க நாட்டின் பெயர். ஹிப்போக்கிரட்டீஸ், கேலன் ஆகியோரின் நூல்களை பக்தாதில் அரபுக்கு மொழிபெயர்த்தார்கள். அல்ராஸியும் இப்னு ஸீனாவும் அதன் மேல் தம் அனுபவத்தைச் சேர்த்தார்கள். இப்னு ஸீனாவின் அல்கானூன் நூல் லத்தீனுக்குப் போய், 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருந்தது. ஆகவே நாம் இங்கிலிஷ் மருந்து என்றும் நாட்டு மருந்து என்றும் பிரித்துச் சொல்லுகிற இரண்டும் ஒரு காலத்தில் ஒரே புத்தகத்தைத்தான் படித்தன. பின்னர் ஐரோப்பா பிணத்தை அறுத்துப் பார்த்தது, நுணுக்குக்காட்டியைக் கண்டுபிடித்தது, கிருமியைக் கண்டது. இரத்தம், சளி, மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கின் சமநிலைதான் ஆரோக்கியம் என்ற பழைய கொள்கையைக் கைவிட்டது. ஹகீம்கள் அதைக் கைவிடவில்லை. நம்முடைய கண்டிக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. கண்டி மன்னர்களின் காலத்தில் கோபால வம்சத்து முஸ்லிம் வைத்தியர்கள் அரண்மனை வைத்தியம் பார்த்தவர்கள்.

அஜ்மல் கானின் மூத்த சகோதரர் அப்துல் மஜீத் கான் 1880களில் டில்லியில் மத்ரஸா திப்பிய்யா என்ற வைத்தியப் பாடசாலையைத் தொடங்கியிருந்தார். அதற்கு முன் வைத்தியம் என்பது தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிற குடும்பச் சொத்து. அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்ததே பெரிய மாற்றம். அப்துல் மஜீத் கான் 1901இல் மறைந்தார். சில வருடங்களில் அடுத்த சகோதரரும் மறைய, பாடசாலையும் நோயாளிகளும் அஜ்மல் கானின் பொறுப்பில் வந்தன.

டில்லியில் தம்மைத் தேடி வந்தவர்களிடம், ஏழையானாலும் ராஜாவானாலும், அவர் பணம் வாங்கவில்லை. ஆனால் வெளியூருக்கு அழைத்தால் ஒரு நாளைக்கு 1000 ரூபாய். அந்தக் காலத்து 1000 ரூபாய்! மகாராஜாக்கள்தான் அழைக்க முடியும். அந்தப் பணம் பாடசாலைக்கும் பின்னர் கல்லூரிக்கும் போனது. நல்ல மருந்து கிடைக்க வேண்டும் என்று ஹிந்துஸ்தானி தவாகானா என்ற மருந்துக் கூடத்தையும் ஏற்படுத்தினார். அதன் வருமானமும் அதே வழியில்தான்.

1909இல் பெண்களுக்கென்று தனியாக ஒரு வைத்தியப் பாடசாலையும் வைத்தியசாலையும் திறந்தார். பிரசவ வேதனையில் இருக்கும் பெண், பர்தாவின் காரணமாக ஆண் வைத்தியரிடம் போக முடியாது. வீட்டுக்கு வரும் மருத்துவிச்சிக்கோ சுத்தம் என்ன, கிருமி என்ன என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த மருத்துவிச்சிகளையே அழைத்து, மேல்நாட்டு முறையிலும் பயிற்சி கொடுப்பது அவருடைய திட்டம். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று நம் சமூகம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் இதை எழுதுவது ஒரு பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

1911இல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். லண்டனில் சாரிங் குரொஸ் வைத்தியசாலையில் அப்போது ஓர் இந்திய இளைஞர் டொக்டராக இருந்தார். பெயர் முக்தார் அஹ்மத் அன்சாரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, எடின்பரோவில் மேற்படிப்பு முடித்தவர். அவருடைய சொந்த அண்ணன் கண் பார்வையற்றவர். அதே நேரம் நாடி பார்ப்பதில் பெயர்பெற்ற ஹகீம். ஒரே உம்மாவின் வயிற்றில் ஒரு ஹகீமும் ஒரு டொக்டரும். அதனால்தானோ என்னவோ அன்சாரி அஜ்மல் கானை இளக்காரமாகப் பார்க்காமல், தன் மேலதிகாரியான ஸ்டான்லி பொய்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் அழைத்துச் சென்றார்.

அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் அஜ்மல் கானைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதுவது. வயிற்று நோயாளி ஒருவரைப் பார்த்து, பித்தப்பையில் கோளாறு என்று பொய்ட் சொன்னார். அஜ்மல் கான் பரிசோதித்துவிட்டு, முன்சிறுகுடலில் பழைய புண் என்றார். வயிற்றைத் திறந்தபோது ஹகீம் சொன்னதுதான் சரியாக இருந்தது. பொய்ட் அவரைத் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார்.

இதை முதலில் வாசித்தபோது கைதட்ட வேண்டும் போல இருந்தது. இரண்டாம் முறை வாசிக்கும்போது எனக்குள் இருந்த உயிரியல் மாணவி ஒரு கேள்வி கேட்டாள். ஒரு நோயாளியில் ஒரு ஹகீம் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் அவருடைய முறை முழுதும் சரி என்று ஆகுமா? ஆகாது. பித்தப்பை நோயும் முன்சிறுகுடல் புண்ணும் பக்கத்துப் பக்கத்து உறுப்புகளில் வருபவை; வலியும் ஒரே இடத்தில்தான். ஸ்கேன் இல்லாத காலத்தில் எந்த நிபுணரும் தவறியிருக்கலாம். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகத் தெரிவது வேறொன்று. அஜ்மல் கான் தம் தீர்ப்பை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அது பிழையானால் மறுநாள் கத்தி காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தே சொன்னார். பொய்டும் தம் பிழையை மறைக்கவில்லை. எங்கள் ஊரில் எத்தனை பேர், அவர்கள் ஹகீமானாலும் டொக்டரானாலும், இதற்கு உடன்படுவார்கள்?

அவர் இந்தியா திரும்பியபோது அங்கே ஒரு சண்டை காத்திருந்தது. 1912இல் பம்பாயில் வைத்தியர் பதிவுச் சட்டம் வந்தது. மேல்நாட்டு முறையில் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே பதிவு. ஹகீம்களும் ஆயுர்வேத வைத்தியர்களும் சட்டத்தின் கண்ணில் வைத்தியர்களே அல்ல. பதிவு பெற்ற டொக்டர் ஒருவர் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தால் அவருடைய பதிவுக்கும் ஆபத்து. மற்ற மாகாணங்களும் இதே வழியில் போயின. அஜ்மல் கான் ஏற்கனவே 1910இல் ஹகீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் ஒரே மாநாட்டில் கூட்டியிருந்தார். முஸ்லிம்களின் வைத்தியம், இந்துக்களின் வைத்தியம் என்ற பிரிவை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மாநாட்டின் மூலம் சட்டத்தை எதிர்த்தார்.

எதிர்த்தவர் அதே மூச்சில் தம் ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. வாப்பா ஹகீம், மூத்தவாப்பா ஹகீம், ஆகவே நானும் ஹகீம் என்று சொன்னால் போதாது. ஹகீம்களும் உடற்கூற்றியல் படிக்க வேண்டும், சத்திரசிகிச்சை படிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பழமைவாத ஹகீம்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. லக்னோவின் பெரிய ஹகீம் குடும்பத்தவர்கள், மேல்நாட்டு வைத்தியத்தைக் கலந்தால் யூனானியின் தூய்மை கெட்டுவிடும் என்று நினைத்தார்கள். டொக்டர்கள் ஒரு பக்கமிருந்தும் ஹகீம்கள் மறுபக்கமிருந்தும் திட்ட, அவர் நடுவில் நின்று கல்லூரிக்குக் காசு சேர்த்தார்.

1916 மார்ச் 29இல் டில்லி கரோல் பாக்கில் ஆயுர்வேத, யூனானி திப்பிய்யாக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியவர் வைஸ்ரோய் ஹார்டிஞ் பிரபு. 1921 பெப்ரவரி 13இல் அதைத் திறந்துவைத்தவர் மகாத்மா காந்தி. ஐந்து வருடத்துக்குள் இந்தியா எவ்வளவு மாறியிருந்தது என்பதை இந்த இரண்டு பெயர்களே சொல்லும். இடையில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்திருந்தது. கிலாபத் இயக்கம் எழுந்திருந்தது. அரசாங்கம் கொடுத்த ஹாஸிக்குல் முல்க் பட்டத்தை அஜ்மல் கான் திருப்பிக் கொடுத்துவிட்டார். மக்கள் அவருக்கு மஸீஹுல் முல்க் என்று வேறொரு பட்டம் வைத்தார்கள். நாட்டின் சுகமளிப்பவர் என்று பொருள் கொள்ளலாம். திறப்பு விழாவில் காந்தி பேசியது எனக்கு வியப்பாக இருந்தது. மேல்நாட்டு வைத்தியத்தைக் கடுமையாகக் குறை சொல்லி வந்த காந்தி, அங்கே ஹகீம்களைப் பார்த்து, மேல்நாட்டு விஞ்ஞானிகளிடம் உள்ள ஆராய்ச்சித் தாகம் உங்களிடம் இல்லையே என்று வருந்தினாராம். விழாவுக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரரைக் கண்டிப்பது நம் வழக்கமல்ல. ஆனால் வீட்டுக்காரரும் அதைத்தானே இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே வருடம் டிசம்பரில் அஹமதாபாத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு, தெரிவான தலைவர் சி.ஆர்.தாஸ் சிறையில் இருந்ததால், அஜ்மல் கான் தலைமை தாங்கினார். முஸ்லிம் லீக் மாநாட்டுக்கும் 1919இல் அவர் தலைமை வகித்திருந்தார். 1920இல் தொடங்கிய ஜாமிஆ மில்லிய்யா பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் அவரே. அது பணமில்லாமல் தடுமாறிய நாட்களில் தம் கைப்பணத்தைக் கொடுத்துக் காப்பாற்றினார். அரசியலைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை வேண்டும். ஒன்று மட்டும்: டொக்டர் அன்சாரியும் டில்லிக்கு வந்து குடியேறி, காங்கிரஸிலும் கிலாபத்திலும் ஜாமிஆவிலும் கடைசிவரை அவரோடு இருந்தார். பதிவுச் சட்டம் சேரக்கூடாது என்று சொன்ன இருவர்.

இந்தக் கேள்வி இந்தியாவுக்கு மட்டும் உரியது அல்ல. அஜ்மல் கானுக்கு 40 வயது மூத்த அமெரிக்கர் ஒருவர், அன்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864இல் மூளைச்சவ்வுக் காய்ச்சலில் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்த வைத்தியர். அன்றைய வைத்தியத்தில் நம்பிக்கை இழந்து, எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்கிற ஒஸ்டியோபதி என்ற முறையைத் தொடங்கினார். 1892இல் மிசூரி மாநிலத்தில் கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்தார். அங்கேயும் டொக்டர்கள் நீண்ட காலம் அவர்களைப் போலி வைத்தியர்கள் என்றே அழைத்தார்கள். ஆனால் ஒஸ்டியோபதிக் கல்லூரிகள் மெல்ல மெல்ல மருந்தியல், சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் பாடமாக்கின. 1962இல் கலிபோர்னியாவில் ஒரு வேடிக்கை நடந்தது: 65 டொலர் கட்டணம் செலுத்திய ஒஸ்டியோபதி வைத்தியர்களுக்கு எம்.டி. பட்டமே கொடுத்துவிட்டார்கள். நேற்றுவரை போலி, இன்று டொக்டர். இன்று அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவரும் எம்.டி. பட்டம் பெற்றவரும் ஒரே வைத்தியசாலையில் ஒரே பயிற்சி பெற்று, ஒரே அதிகாரத்தோடு மருந்து எழுதுகிறார்கள், சத்திரசிகிச்சை செய்கிறார்கள். டி.ஓ. கைச்சிகிச்சையைக் கூடுதலாகப் படித்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்தில் ஒஸ்டியோபதி படித்தவர் டொக்டர் அல்ல. அங்கே பாடவிதானம் அப்படி விரியவில்லை. பெயர் ஒன்று, படிப்பு வேறு. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து ஒருவரை எடைபோட முடியாது. அவர் என்ன படித்தார், யார் அவரைப் பரீட்சித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விடயம் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் உம்மும்மாவுக்கு நெடுநாள் சீனி வியாதி. சில வருடங்களுக்கு முன், ஹகீம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஒருவர் ஒரு தூளைக் கொடுத்து, கிளினிக் குளிசைகளை எல்லாம் நிறுத்தச் சொன்னார். உம்மும்மா யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். காலில் வந்த சின்னக் காயம் ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் யூனானி என்ற சொல்லைக் கேட்டாலே என் மனதுக்குள் ஒரு கசப்பு. கலியாண வீட்டில் என் வாயிலிருந்து வந்தது அந்தக் கசப்புத்தான் போலும்.

புத்தகத்தை வாசித்து முடித்த பின் இதை ராத்தாவிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அந்த மனிதரின் பதிவிலக்கத்தை யாராவது கேட்டீர்களா என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி, ஆயுர்வேதம், சித்தம், யூனானி எதுவானாலும் ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதிவு செய்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம். 1929இல் பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி திறந்த நாளிலிருந்து இங்கே இதற்கென்று படிப்பும் பரீட்சையும் இருக்கின்றன. அந்தக் கல்லூரிதான் வளர்ந்து இன்று ராத்தா படிக்கிற இடமாகியிருக்கிறது. அவர்கள் நாடியும் மிஸாஜும் மூலிகையும் படிக்கிறார்கள். உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் நோயியலும்கூடப் படிக்கிறார்கள். மருத்துவ பீடத்து மாணவருக்கு இருக்கிற அளவு பெரிய வைத்தியசாலைப் பயிற்சி தங்களுக்கு இல்லை என்றும், மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவரைத் தன்னிடம் கொண்டுவந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவேன் என்றும் ராத்தா சொன்னார். நாட்பட்ட மூட்டு வலி, சமிபாட்டுக் கோளாறு, சில தோல் நோய்கள் என்று வருகிறவர்களுக்கு உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் கேட்க எங்களுக்கு நேரமிருக்கிறது, ஓபிடியில் நிற்கிற டொக்டருக்கு அது எங்கே என்றும் சொன்னார்.

அப்போது வாப்பா மூத்தவாப்பாவைப் பற்றி ஒன்று சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை வயிற்று வலி என்று தூக்கிக்கொண்டு வந்தார்களாம். மூத்தவாப்பா வலப்பக்க அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். அலுமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சந்திக்கு ஓடி, தன் காசில் ஒரு கார் பிடித்துவந்து, பையனைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். குடல்வால். அன்றிரவே அறுத்தார்கள். அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வாப்பா இதை இதற்கு முன் எங்களுக்குச் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை.

அஜ்மல் கானின் கடைசி வருடங்கள் சந்தோஷமானவை அல்ல. கிலாபத் இயக்கம் முடிந்துபோயிற்று. இந்து முஸ்லிம் கலவரங்கள் ஊர் ஊராகப் பரவின. இதய நோய் அவரைப் பிடித்திருந்தது. ஆனாலும் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவு வேண்டும் என்ற எண்ணத்தை விடவில்லை. ஜேர்மனியில் இரசாயனம் படித்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி என்ற இளைஞரை அதற்குத் தெரிந்தெடுத்தார். அந்தப் பிரிவு நடக்கத் தொடங்குவதைப் பார்க்க அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 1927 டிசம்பர் 29இல், தாம் முதன்முதல் வேலைக்குப் போன அதே ராம்பூரில் காலமானார். அந்த வாரம்தான் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதன் தலைவர் டொக்டர் அன்சாரி. ஜாமிஆவின் வேந்தர் பதவியில் அடுத்து அமர்ந்தவரும் அன்சாரியே.

ஸித்தீக்கி திப்பிய்யாக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொண்டார். பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் வைத்தியர்கள் பரம்பரை பரம்பரையாகக் கொடுத்துவந்த வேர் அது. 1931இல் அதிலிருந்து ஓர் இரசாயனப் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு அஜ்மலீன் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறும்போது கொடுக்கும் மருந்தாக அது பின்னர் பயன்பட்டது. பரம்பரையாக வரும் ஒருவகை இதயக் கோளாறைக் கண்டுபிடிக்க இன்றும் ஐரோப்பிய வைத்தியசாலைகளில் அதை ஊசியாக ஏற்றிப் பார்க்கிறார்கள். அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்துக்காரர்கள் பிரித்த ரெசர்ப்பீன், உயர் இரத்த அழுத்தத்துக்கு வந்த ஆரம்ப கால மருந்துகளில் ஒன்று. இதய நோயில் மறைந்த ஹகீமின் பெயரை ஓர் இதய மருந்து தாங்கியிருப்பதை நான் என் இரசாயனவியல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை ஆசிரியையிடம் கொடுக்கும் முன் ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கலியாண வீட்டுப் பகுதியை வாசிக்கும்போது என் குரல் இறங்கிவிட்டது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். வேறோர் இடத்தில்தான் நிறுத்தச் சொன்னார். யூனானி மருந்துகளுக்குப் பக்கவிளைவே கிடையாது என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன்; அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் எழுதினேன். அஜ்மலீனின் அளவு கூடினால் அதே இதயத்தை நிறுத்திவிடும், வேலை செய்கிற எந்த மருந்துக்கும் பக்கவிளைவு இருக்கும், இதை வாசித்துவிட்டு யாருடைய உம்மும்மாவாவது குளிசையை நிறுத்தினால் யார் பொறுப்பு என்று கேட்டார். அந்த வரியை வெட்டிவிட்டேன்.